வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு

பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
திப 2: 14, 22-33, 1 பேது 1: 17-21, லூக் 24: 13-35



முதல் வாசகத்தில் பதினொருவரோடு எழுந்து நின்று, எருசலேமே கேட்கும்படி உரத்த குரலில் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். பேதுரு. ஏழு வாரங்களுக்கு முன்பு இதே ஊரில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரி நெருப்பருகே குளிர் காய்ந்துகொண்டே, அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்று மும்முறை சாதித்தாரே, அதே பேதுரு. அன்றைக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்தவர், இன்றைக்குப் பெருங்கூட்டத்தின் முகத்துக்கு நேராக நின்று, நீங்கள் சிலுவையில் அறைந்து கொன்றவரைக் கடவுள் எழுப்பிவிட்டார், சாவால் அவரைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்கிறார். இடையில் இந்த மனிதருக்கு என்னதான் நடந்தது?

இதைச் சொல்ல எனக்கு நம் பள்ளிக்கூட மைதானம்தான் வசதியாக இருக்கிறது. ஈஸ்டர் முடிந்து நம் இளைஞர்கள் நடத்திய கபடியை நீங்களும் பார்த்தீர்கள். சில பேருக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்ததும் எனக்குத் தெரியும்.

கோயிலுக்குள் கபடியா சாமி என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது பீடத்திலிருந்தே தெரிகிறது. பவுல் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்த கொரிந்து நகருக்குப் பக்கத்தில்தான் இஸ்த்மியா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஓட்டக்காரரையும் குத்துச்சண்டைக்காரரையும் அவர் தயங்காமல் தம் திருமுகத்துக்குள் கொண்டுவந்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலில், விளையாட்டில் நற்பண்பு என்று ஒன்று உண்டா என்று தனியாகக் கேட்டு, உண்டு என்று பதில் எழுதியிருக்கிறார். தானும் விளையாடாமல், விளையாடுகிறவர்களுக்கும் முகம் கொடுக்காமல் இருப்பது குறைதான் என்றும் சேர்த்தே சொல்கிறார். முகம் சுளித்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். தரையில் கோடு கிழிக்க ஒரு குச்சியும் நெஞ்சில் மூச்சும் இருந்தால் போதும். பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போகிறார். 30 விநாடிக்குள், பாட்டு அறுபடாமல், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பி வந்துவிட்டால் தொடப்பட்டவர் வெளியே. பிடிபட்டால் போனவர் வெளியே. வெளியே போனவனைப் பையன்கள் ‘செத்துட்டான்’ என்கிறார்கள். செத்தவன் களத்துக்கு அந்தப் பக்கம் அதற்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார வேண்டும்.

கூட்டம் முழுக்க ஆடுகிறவனைத்தான் பார்க்கும். எனக்குக் கண் போவது அந்த உட்கார்ந்திருக்கிறவன் மேல். முழங்காலில் ரத்தமும் மண்ணும். உள்ளே நடப்பதைப் பார்த்து உடம்பு துடிக்கிறது. ஆனால் அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், செய்த தப்புக்காக எவ்வளவு நொந்துகொண்டாலும், தானாக எழுந்து உள்ளே வர விதியில் இடம் கிடையாது. களத்தில் மிச்சம் நிற்கிற அவனுடைய ஆள் ஒருவன் எதிரணியில் ஒருவரை வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் இவனுக்கு உயிர். ஒருவரை வெளியேற்றினால் ஒருவனுக்கு, இருவரை வெளியேற்றினால் இரண்டு பேருக்கு. முதலில் போனவன் முதலில் வருவான்.

இந்த விதி எல்லா இடத்திலும் எப்போதும் இருந்ததில்லை. நம் நாட்டில் கபடியை மூன்று விதமாக ஆடியிருக்கிறார்கள். காமினி என்று ஒரு முறை: வெளியே போனவன் போனவன்தான், மொத்த அணியும் வெளியேறும்வரை அவனுக்கு உயிர் கிடையாது. அமர் என்று இன்னொரு முறை: தொட்டாலும் பிடித்தாலும் புள்ளி மட்டும் எழுதிக்கொள்வார்கள், யாரும் வெளியே போவதே இல்லை. மூன்றாவது சஞ்சீவனி: விழுந்தவன் வெளியே போகத்தான் வேண்டும், ஆனால் அவன் திரும்பி வரவும் வழி உண்டு. இன்றைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து நம் மைதானம்வரை ஆடுவது இந்த மூன்றாவது முறையைத்தான்.

திருச்சபைக்கும் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய காலம் ஒன்று வந்தது. 250ஆம் ஆண்டு. உரோமைப் பேரரசன் தேசியு, குடிமக்கள் எல்லாரும் அரசு தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்து மண்ணிலிருந்து பின்னாளில் கிடைத்திருக்கின்றன. திருத்தந்தை ஃபபியான் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். உறுதியாக நின்று உயிர் விட்டவர்கள் உண்டு. ஆனால் பயந்துபோய்த் தூபம் போட்டவர்களும், பலி செலுத்தாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் ஏராளம். அவர்களில் ஆயர்களும் இருந்தார்கள். புயல் ஓய்ந்ததும் இவர்கள் அழுதுகொண்டு கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள்.

என்ன செய்வது? உரோமையில் நோவாசியன் என்ற குரு, நல்ல படிப்பாளி, மூவொரு கடவுளைப் பற்றி நூல் எழுதியவர், முடியாது என்றார். மறுதலித்தவர்களுக்குத் திருச்சபையில் மறுபடி இடமில்லை என்று நின்றார். இரக்கம் காட்டிய கொர்னேலியு 251இல் திருத்தந்தையானபோது, அவருக்குப் போட்டியாகத் தம்மையே ஆயராக்கிக்கொண்டார். இன்னொரு பக்கம், நடந்தது நடந்துவிட்டது, தவமும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம், உடனே நற்கருணை கொடுங்கள் என்று நெருக்கியவர்களும் இருந்தார்கள். ஒன்று காமினி, மற்றது அமர். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் இரண்டுக்கும் இணங்கவில்லை. விழுந்தது விழுந்ததுதான், அதை மூடி மறைக்க வேண்டாம், தவம் செய்யட்டும், தவம் செய்தவர்களைச் சேர்த்துக்கொள்வோம் என்று அதே 251இல் கூடிய ஆயர் மன்றத்தோடு சேர்ந்து முடிவு செய்தார். 325இல் கூடிய நிசேயா சங்கம், நோவாசியன் கூட்டத்தார் திருச்சபைக்குத் திரும்ப விரும்பினால், விழுந்து எழுந்தவர்களோடு உறவு கொள்ள அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

இரக்கம் காட்டியவர்கள் துணிச்சல் இல்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கொர்னேலியு நாடு கடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். சிப்ரியான் 258இல் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். நற்கருணை மன்றாட்டு ஒன்றில் இருவர் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்கிறோம். கண்டிப்பே பக்தி என்று நினைக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். நம் பங்கிலும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன் மூன்று மாதம் குடிக்காமல் இருந்து திருப்பலிக்கு வந்தால், ‘எத்தனை நாளைக்குப் பார்ப்போம்’ என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. அது நோவாசியனின் குரல்.

பேதுருவுக்கு வருவோம். பெரிய வியாழன் இரவு எல்லாருமே ஓடிவிட்டார்கள். ஆனால் வாய் திறந்து மறுத்தவர் இவர் ஒருவர்தான். சேவல் கூவியது, வெளியே போனார், மனங்கசந்து அழுதார். அந்த அழுகை அவரை உள்ளே கொண்டுவரவில்லை. கண்ணீர் நல்லது, தேவையானது. ஆனால் தன் கண்ணீரால் ஒருவரும் உயிர் பெறுவதில்லை. அவர் விழுவதற்கு முன்பே, உன் நம்பிக்கை தளராதிருக்க உனக்காக மன்றாடினேன், நீ மனம் திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்று ஆண்டவர் சொல்லியிருந்தார். இன்றைய நற்செய்தியின் கடைசிப் பகுதியைக் கவனித்தீர்களா? எம்மாவிலிருந்து இருவர் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது, அங்கே கூடியிருந்தவர்கள் முந்திக்கொண்டு சொல்லும் செய்தி, ஆண்டவர் சீமோனுக்குத் தோன்றினார் என்பது. மறுத்தவருக்குத்தான் பன்னிருவருள் முதல் தரிசனம். பவுலும் அதையே எழுதி வைத்திருக்கிறார். வாய் திறந்து மறுக்காதவர்களை விட்டுவிட்டு, மறுத்து வெளியே போய் அழுதவனை ஆண்டவர் முதலில் கூப்பிட்டிருக்கிறார்.

சரி, பேதுருவுக்காக, நமக்காகக் களத்துக்குள் போனது யார், போய் என்ன நடந்தது?

கபடியில் நான் மலைத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பாடப் போனவனைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் கணுக்காலைப் பிடிக்கிறான், இன்னொருவன் இடுப்பை, மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். அமுக்கியாயிற்று, முடிந்தது என்று கூட்டம் எழுந்து நிற்கிறது. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல நீள்கிறது. பாட்டு இன்னும் நிற்கவில்லை. ஒரு விரல் நடுக்கோட்டைத் தொடுகிறது. அவ்வளவுதான். அவனைப் பிடித்த அத்தனை பேரும் வெளியே! எத்தனை பேர் சேர்ந்து அமுக்கினார்களோ, அத்தனை பேருக்கும் அந்தப் பிடியே வினையாகிறது. இந்தப் பக்கம் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேர் எழுந்து உள்ளே ஓடி வருகிறார்கள்.

அன்பானவர்களே, சாவு அவரைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்று பேதுரு சொன்னாரே, அதை இனி எப்போது வாசித்தாலும் எனக்கு இந்த விரல்தான் நினைவுக்கு வரும். அவர் நம் பக்கத்திலிருந்து தனியாகப் போனார். துரோகம் ஒரு பக்கம் பிடித்தது. பொய்ச் சாட்சி, சாட்டை, ஆணி, ஏளனம், கல்லறை, முத்திரை, காவல் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தாம் தந்தையிடம் சொன்ன வேண்டுதலைச் சிலுவையிலும் அவர் நிறுத்தவில்லை. திருப்பாடல்களைச் சொல்லிக்கொண்டேதான் உயிர் விட்டார். சாவு தன்னால் முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்தது. பிடித்ததால்தான் தோற்றது. சாவு ஒரு மனித உடலைப் பிடித்ததாக எண்ணி, அங்கே கடவுளை எதிர்கொண்டது என்று புனித கிறிசோஸ்தோம் பெயரால் வழங்கும் பழைய பாஸ்கா மறையுரை சொல்வதும் இதைத்தான்.

ஆனால் ஓர் இடத்தில் விளையாட்டு நம்மைக் கைவிட்டுவிடுகிறது, அதை மறைக்கக் கூடாது. கபடியில் மூச்சு அறுந்தால் ஆட்டம் போச்சு. இயேசுவின் மூச்சு அறுந்தது. அவர் கடைசி நொடியில் சாமர்த்தியமாகத் தப்பித்தவர் அல்ல. உண்மையாகவே இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். ஆட்ட விதிப்படி அவர் தோற்றவர். பெரிய சனியன்று முழு அணியும் வெளியே. தந்தை அவரை எழுப்பினார் என்பதுதான் பேதுருவின் சாட்சி. நம்மைப் போலவே வெளியே, கல்லறைவரைக்கும், வந்து உட்கார்ந்தவர் நம் ஆண்டவர். ஆகவே நீங்கள் எவ்வளவு தூரம் விழுந்திருந்தாலும், அது அவர் உங்களுக்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போன இடம்தான்.

இஸ்தான்புல் நகரில் கோரா என்ற பழைய ஆலயம் இருக்கிறது. அதன் சிற்றாலயம் ஒன்றின் வளைவில் 14ஆம் நூற்றாண்டில் தீட்டிய உயிர்ப்பு ஓவியம் ஒன்று உண்டு. பாதாளத்தின் கதவுகள் உடைந்து கிடக்கின்றன. வெள்ளாடையில் ஆண்டவர் கால்களை அகட்டி ஊன்றி நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். எப்படி இழுக்கிறார் தெரியுமா? உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து அல்ல. மணிக்கட்டைப் பிடித்து. நம் பையன்களுக்கு அந்தப் பிடியின் பலம் தெரியும். பிடிக்கப்பட்டவன் விட்டாலும் பிடித்தவன் விடமாட்டான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கபடியில் நம்மவன் ஒருவன் உயிர் பெற, எதிரே ஒருவன் சாக வேண்டும். கிறிஸ்துவின் களத்தில் அப்படி இல்லை. எதிரே நிற்பவை பாவமும் சாவும்தான். அடுத்த தெருக்காரன் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வட்டாரத்தில் தெருவுக்கு ஓர் அணி, சாதிக்கு ஒரு பனியன் நிறம் என்று ஆகிக்கொண்டிருக்கிறது. பிடிக்கும்போது கை கோத்துச் சங்கிலியாக நிற்கிறவர்கள், தேர் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று வந்தால் கையை உதறிவிடுகிறார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் நின்றது. உயிர்த்தெழும்போது எந்தப் பக்கமாக எழுந்திருப்பார்களோ தெரியவில்லை! வெள்ளியாலோ பொன்னாலோ அல்ல, கிறிஸ்துவின் விலைமதிப்பில்லாத இரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள் நாம் என்று இரண்டாம் வாசகத்தில் அதே பேதுரு எழுதுகிறார். அந்த இரத்தத்தில் தெருவாரியாகப் பங்கு பிரிக்க வழியில்லை.

இனி எம்மாவு. கிளயோப்பாவும் அவருடைய தோழரும் என்ன செய்தார்கள்? வெளியே உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் மைதானத்தையே விட்டுக் கிளம்பிவிட்டார்கள். கல்லறை காலியாக இருந்தது என்று பெண்கள் சொன்ன செய்தி காதில் விழுந்த பிறகும் கிளம்பினார்கள். எதிர்பார்த்திருந்தோம் என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். தோல்வியைவிட இது ஆபத்தானது. உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த நேரமும் உயிர் வரலாம். வீட்டுக்குப் போய்விட்டவன் பெயரை நடுவர் கூப்பிட்டாலும் அவன் இருக்கமாட்டான். ஆனால் பாருங்கள், ஆண்டவர் அவர்களை அங்கேயும் விடவில்லை. பின்னாலேயே போகிறார். வழியெல்லாம் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கிறார். திட்டவும் செய்கிறார், அறிவிலிகளே என்று. பிறகு அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார். அடுத்த நொடி அவர்கள் எழுந்து, இரவென்றும் பாராமல், பதினொரு கிலோமீட்டர் வந்த வழியே திரும்பி நடக்கிறார்கள்.

நம் பங்கில் மைதானத்தை விட்டுப் போனவர்கள் யார் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருவிழா வரி விஷயத்தில் வார்த்தை தடித்து, அதோடு கோயில் பக்கமே வராதவர் இருக்கிறார். கலப்புத் திருமணம் செய்த மகளோடு பேசாத அப்பா இருக்கிறார். அந்த மகளும் வருவதில்லை. கடன் வாங்கித் திருப்பித் தர முடியாமல், எதிரே முதல் வரிசையில் கடன் கொடுத்தவர் உட்கார்ந்திருப்பாரே என்று ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொள்ளும் அம்மா இருக்கிறார். இவர்கள் தாங்களாக வரட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். தானாக வர விதியில் இடமில்லை என்று இவ்வளவு நேரம் பேசினோம்.

கபடியில் போனஸ் புள்ளி என்று ஒன்று இருக்கிறது. எதிர்க்களத்தில் ஆறு பேராவது நிற்கும்போது, உள்ளே தள்ளி இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பினால் பலகையில் ஓர் எண் ஏறும். நல்ல திறமைதான். ஆனால் அந்தப் புள்ளியால் வெளியே இருப்பவன் ஒருவனுக்கும் உயிர் வராது. நம் பக்தி முயற்சிகளில் போனஸ் புள்ளிகள் நிறைய. வேளாங்கண்ணிக்கு நடந்து போனோம், கெபிக்கு டைல்ஸ் போட்டோம், குழல் விளக்கில் உபயம் என்று பெயர் எழுதினோம், அது எரிகிற வெளிச்சத்தையும் பாதி மறைத்தோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் யாருக்காவது உயிர் வந்ததா என்று கேட்கிறேன்.

இன்னொரு விதியும் உண்டு. பாடப் போகிறவன் நடுக்கோட்டு ஓரத்திலேயே நின்று பாடிவிட்டு வரமுடியாது. யாரையும் தொடவில்லை என்றால், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டை ஒரு தடவையாவது கடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவரும் பிடிக்காமலே அவன் அவுட். அன்பியக் கூட்டத்தில் பாட்டுப் பாடி, செபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டு வீட்டுக்குப் போகிறோமே, அது கோட்டோரம். அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுவது கோட்டைத் தாண்டுவது. பயம் இருக்கும். அவமானப்படவும் நேரலாம். கதவைத் திறக்காமலும் போகலாம். மறுபடி போக வேண்டியதுதான், ஒரு பாட்டில் முடிகிற ஆட்டமா இது?

ஆகவே இந்த வாரம் ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இரண்டிரண்டு பேராக, எம்மாவுக்குப் போனவர்கள் கணக்கில், அப்படி ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். போனவுடன் கோயிலுக்கு வரச் சொல்ல வேண்டாம். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடன் கொடுத்தவர் நம்மிடையே இருந்தால், அவரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். தம்பிமார்களே, உங்கள் அணியில் ஒருவன் போன மாதத்திலிருந்து ஆட வரவில்லை. அவனைப் போய்ப் பாருங்கள், ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது இங்கேயே உட்கார்ந்துகொண்டு, நான் வெளியே இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுந்து போய்விடாதீர்கள். வரும் சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து திருப்பலி தொடங்கும்வரை பாவசங்கீர்த்தனம் கேட்க இங்கே உட்கார்ந்திருப்பேன். பழக்கம் விட்டுப்போயிற்று, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அதையே முதலில் சொல்லுங்கள். மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன். ஆமென்.